ஆபரேஷன் சென்னையில், வீடு கம்பத்தில்: இடுப்பு மூட்டு மாற்றப் போகும் ஒரு அம்மாவுக்கு

கம்பத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 56. கணவர் இல்லை. வீட்டு முன்கட்டில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக இடது தொடை இடுக்கில் வலி. முழங்கால் வரை இறங்குகிறது, கால் விந்துகிறது. தெரிந்தவர் வாங்கித் தந்த மூட்டுவலிப் பொடியை ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறார். வலி உடனே குறைந்தது. ஆனால் முகம் உப்பியது, எடை ஏறியது, இல்லாத சர்க்கரை வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் தொடை எலும்பின் பந்து ரத்த ஓட்டம் இல்லாமல் செத்து, சரிந்துவிட்டது தெரிந்தது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு ஐந்து வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மகள் பெரம்பூரில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். மகள், மருமகன் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். "அவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது. ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனதும் ஸ்லீப்பர் பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடுகிறேன். அக்கா பார்த்துக்கொள்வாள். ஒரு மாதம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தால் சரியாகிவிடும் அல்லவா?" என்று கேட்கிறார். பொடியை ஒரு வாரம் முன்னால் நிறுத்திக்கொள்ளப் போவதாகவும், திட்டுவார் என்பதால் டாக்டரிடம் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஹீமோகுளோபின் 9.2, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி 9.1. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. தரையில் உட்காரலாமா, செயற்கை மூட்டு பத்து வருடத்தில் தேய்ந்துவிடுமா என்பவையும் அவருடைய கேள்விகள்.

அம்மா, உங்களுக்கு ஆபரேஷன் தேவைதான். பந்து சரிந்த பிறகு மாத்திரையோ பிசியோதெரபியோ அதை நிமிர்த்தாது. ஆனால் இந்தத் தேதி உங்களுக்குச் சரியான தேதி இல்லை என்று நினைக்கிறேன். பந்து ஏற்கெனவே சரிந்துவிட்டதால், ஆறு முதல் எட்டு வாரம் தள்ளிப் போட்டால் வலி நீளுமே தவிர, ஆபரேஷனின் பலன் குறையாது. அந்த அவகாசத்தில் முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. தள்ளிப் போடலாமா என்று உங்கள் அறுவை மருத்துவரிடமே கேளுங்கள். இந்த ரத்தப் பரிசோதனை எண்களைப் பார்த்தால் பெரும்பாலும் அவரே ஒப்புக்கொள்வார்.

முதல் வேலை: அந்தப் பொடியைச் சொல்வது

முகம் உப்புவது, எடை ஏறுவது, புதிதாகச் சர்க்கரை வருவது, இடுப்புப் பந்து சாவது, இந்த நான்கும் ஒருவருக்கே வந்தால் ஸ்டீராய்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லா நாட்டு மருந்திலும் ஸ்டீராய்டு கலக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் உடம்பு காட்டும் அறிகுறிகள் அப்படி இருக்கின்றன.

நீங்களாக அதைத் திடீரென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். பொடியையும் நிறுத்தி, ஒரு வாரத்தில் ஆபரேஷன் டேபிளிலும் படுத்தால், அந்த நெருக்கடிக்குத் தேவையான, அந்தச் சுரப்பி தர வேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோன் உடம்பில் இருக்காது. ரத்த அழுத்தம் சடாரென்று விழும். மயக்க மருத்துவருக்குக் காரணம் தெரியாவிட்டால் ரத்தப்போக்கு, இதயக் கோளாறு என்று வேறெங்கோ தேடுவார். முன்கூட்டியே தெரிந்தால் காலையில் கார்டிசோல் அளவு பார்த்து, படிப்படியாகக் குறைத்து, அன்றைக்குத் தேவையான அளவை ஹைட்ரோகார்டிசோன் என்ற மருந்தாக ஊசியில் கொடுத்துவிடுவார். எனவே மீதியிருக்கும் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வையுங்கள். டாக்டர் திட்டினாலும் இரண்டு நிமிடத்தில் அது முடிந்துவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். ஸ்டீராய்டால் வரும் இந்தச் சிதைவு பல பேருக்கு இரண்டு இடுப்பிலும் இருக்கும். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வலது பக்கத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? வலதும் கெட்டிருந்தால், 'நல்ல காலில்' ஊன்றி நடப்பது என்று நாம் போடும் கணக்கெல்லாம் மாறிவிடும்.

ரத்தம், சர்க்கரை, கால் விரல் இடுக்கு

ஹீமோகுளோபின் 9.2 என்ற நிலையில் உள்ளே போனால் வேறொருவர் ரத்தம் ஏற்ற வேண்டிவரும் வாய்ப்பு அதிகம். ரத்தம் ஏற்றுவது முடிந்தவரை தவிர்க்க வேண்டிய ஒன்று; தொற்றின் வாய்ப்பைக் கூட்டும். இரும்புச்சத்துக் குறைவுதானா என்று அறிய ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் என்றால் மாத்திரையில் ஏற வாரக்கணக்காகும். நரம்பு வழி இரும்பு ஊசி விரைவாக ஏற்றும். வலி மாத்திரையும் பொடியும் சேர்ந்து வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கவனியுங்கள்.

எச்பிஏ1சி எட்டுக்குள், முடிந்தால் ஏழரைக்குள் வர வேண்டும். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவதுண்டு. எனவே வீட்டிலேயே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மருந்தில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் பெயர் இருந்தால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்துவார்கள்.

இட்லிக் கடை என்றால் பாதி நாள் ஈரத்தில் நிற்பீர்கள். விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் ஆழமான பித்தவெடிப்பு இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அந்தச் சின்னப் பிளவு வழியாக நுழையும் கிருமி ரத்தத்தில் ஏறி, உலோக மூட்டின்மேல் படிந்தால் அதைக் கழுவி எடுக்கவே இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல், கொப்புளம் எதுவானாலும் முதலில் அதை முடித்துவிடுங்கள். இடுப்பு மூட்டுக்குள் யாராவது ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் கழிய வேண்டும். கடைசியாக, வீட்டில் ரேசரால் முடி நீக்காதீர்கள். பிளேடு கீறலில் கிருமி சேரும். தேவையென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுத்துக்கொள்வார்கள்.

சென்னைதான் வேண்டுமா?

கம்பத்திலிருந்து மதுரை சுமார் மூன்று மணி நேரம். சென்னை ஏறக்குறைய 550 கிலோமீட்டர். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் சில தனியார் மருத்துவமனைகளிலும் இந்த அறுவை வழக்கமாக நடக்கிறது. இது சென்னையில் மட்டும் கிடைக்கும் வித்தை அல்ல. இப்படிச் சொல்வதற்குக் காரணம், ஆபரேஷனோடு பயணம் முடிவதில்லை. தையல் பிரிக்க இரண்டு வாரத்தில், பிறகு ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஒரு வருடம் என்று போக வேண்டியிருக்கும். ஆறாம் நாள் காயத்தில் நீர் கசிந்தால், அறுத்தவரே பார்ப்பதுபோல் வராது.

சென்னையின் பெரிய பலம் உங்கள் மகள் அங்கே இருப்பது. அதற்காகத்தான் போகிறீர்கள் என்றால் அது நியாயமான காரணம். அப்படியானால் மகள் பக்கத்தில் இருக்கும்படியாகவே திட்டமிடுங்கள். ஐந்தாம் நாள் ஓடிவருவது அந்தக் காரணத்தையே கெடுத்துவிடும். சென்னையில் 18 நாள் என்று கணக்கு வையுங்கள்: முன்னால் இரண்டு நாள், மருத்துவமனையில் நான்கைந்து நாள், அதன்பின் தையல் பிரிக்கும் வரை.

மூன்றாவது மாடியும் அங்குல நாடாவும்

மூன்று மாடி என்றால் ஐம்பது படிக்கு மேல். ஏறவே முடியாது என்பதில்லை. பிசியோதெரபிஸ்ட் டிஸ்சார்ஜுக்கு முன் படி ஏறச் சொல்லித் தருவார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஆனால் ஏறிவிட்டால் இரண்டு வாரம் மேலேயே அடைபட்டுக் கிடப்பீர்கள். ராத்திரி மூச்சுத் திணறினால் ஐம்பது படியும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்க வேண்டும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் அல்லது லிஃப்ட் உள்ள இடத்தில் பதினைந்து நாளுக்கு ஓர் அறை எடுக்க முடிந்தால் அதையே சொல்வேன்.

எந்த அறையானாலும் மகளை ஓர் அங்குல நாடாவோடு அனுப்புங்கள். நீங்கள் செருப்பில்லாமல் நின்று, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அதோடு இரண்டு அங்குலம் கூட்டினால் வருவது உங்களுக்கு வேண்டிய இருக்கை உயரம். பதினாறு என்றால் பதினெட்டு. கட்டில், நாற்காலி, கழிப்பறை இருக்கை மூன்றும் அதற்குக் குறையக் கூடாது. கட்டிலை மெத்தைமேல் ஆள் உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டும். பஞ்சு மெத்தை இரண்டு அங்குலம் அமுங்கிவிடும். சாதாரண வெஸ்டர்ன் டாய்லெட் பதினைந்து, பதினாறு அங்குலம்தான் இருக்கும். அதன்மேல் வைக்கும் உயர்த்தும் இருக்கையோ, கால் உயரம் மாற்றக்கூடிய கமோடு நாற்காலியோ வேண்டும். இவற்றையும் வாக்கரையும் வாடகைக்கே தருகிறார்கள்.

பலரும் அளக்க மறப்பது குளியலறைக் கதவு. வாக்கரின் அகலம் 22 முதல் 24 அங்குலம். பழைய அடுக்கு வீடுகளில் குளியலறை வாசல் நிலையோடு சேர்த்தே இரண்டடி. கதவின் தடிமன் போனால் வாக்கர் நுழையாது. முதல் நாள் ராத்திரி அவசரத்தில் இதைக் கண்டுபிடித்து, வாக்கரை வெளியே விட்டுவிட்டு நிலையைப் பிடித்துத் தாவும்போதுதான் விழுகிறார்கள். நுழையாவிட்டால் கமோடு நாற்காலியைக் கட்டில் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

மகளுக்கு ஒரு வார்த்தை. லீவை ஆபரேஷன் நாளில் தொடங்கிச் செலவழிக்காதீர்கள். மருத்துவமனையில் நர்ஸ் இருக்கிறார். துணைக்கு ஓர் உறவினர் போதும். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து முதல் ஏழு நாள்தான் ஆள் வேண்டும், ராத்திரியிலும் வேண்டும்.

ஐந்தாம் நாள் ஸ்லீப்பர் பஸ் வேண்டாம்

இதை மட்டும் கேளுங்கள் அம்மா. ஸ்லீப்பர் பஸ்ஸின் கீழ்ப் படுக்கை தரையை ஒட்டி இருக்கும். அதில் இறங்கிப் படுப்பதற்கு முழங்காலைவிட இடுப்பைத் தாழ்த்தியே ஆக வேண்டும். பின்பக்கமாகத் திறந்து மாற்றிய மூட்டு, ஆழமாகக் குனிந்து கால் உள்பக்கம் திரும்பும்போதுதான் நழுவும். அதோடு பத்து மணி நேரத்துக்கு மேல் அசையாத கால், ஓடும் வண்டியில் கழிப்பறை இல்லை, காயம் ஆறாத நிலை. காலில் கட்டும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைப் பல மருத்துவர்கள் ஏறத்தாழ ஐந்து வாரம்வரை கொடுக்கிறார்கள். அதை ஊருக்கு வந்ததும் விட்டுவிடக் கூடாது.

தையல் பிரித்த பிறகு ரயிலில் வாருங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து போடி செல்லும் ரயில் தேனி வழியாகப் போகிறது. தினமும் இல்லை, நாள் பார்த்துப் பதிவு செய்யுங்கள். இரண்டடுக்கு ஏசியில் கீழ்ப் படுக்கை கேளுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நடுப்படுக்கையைத் தூக்கிவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. கூனிக்கொண்டு எழ வேண்டியிருக்கும். இரண்டடுக்கில் அந்தத் தொல்லை இல்லை. படுக்கைமேல் கெட்டியான ஒரு தலையணை போட்டு உட்காருங்கள். மணிக்கு ஒருமுறை பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் அசையுங்கள். தேனியிலிருந்து காரில் முன் இருக்கை: இருக்கையைப் பின்னால் தள்ளி, சாய்த்து, தலையணை போட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை விரியுங்கள். முதலில் வெளியே பார்த்து உட்கார்ந்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப அது வழுக்கிக் கொடுக்கும்.

ஒரு மாதம் படுக்கை என்பது பழைய கதை

ஆபரேஷன் அன்றோ மறுநாளோ உங்களை வாக்கரோடு நிற்க வைப்பார்கள். படுத்தே கிடந்தால் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி சேரும், தொடைத் தசை கரையும். வாக்கரை இப்போதே வாங்கி, வலி தெரிந்த இந்தக் காலோடு பழகிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்த மயக்கத்தில் புதிதாகக் கற்பது கடினம். தினம் மூன்று வேளை, பத்துப் பத்துத் தடவை பாதம் அசைப்பது, முழங்காலை மெத்தையில் அழுத்துவது, புட்டத் தசையை இறுக்கி விடுவது, இவ்வளவு போதும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "எந்தப் பக்கமாகத் திறக்கப் போகிறீர்கள்?" பின்பக்கம் என்றால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்குவது, கால்மேல் கால் போடுவது, பாதத்தை உள்ளே திருப்புவது கூடாது. முன்பக்கம் என்றால் தடைகள் வேறு. காலைப் பின்னால் நீட்டிப் பாதத்தை வெளியே திருப்புவதுதான் அங்கே ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது.

பத்தியம் பற்றி அக்கா ஏதாவது சொல்வார். முட்டை, மீன், பருப்பு சாப்பிடுவதால் காயத்தில் சீழ் பிடித்துவிடாது. காயம் மூடப் புரதம்தான் வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். காயத்தின்மேல் எண்ணெய் தடவுவதும் உருவி விடுவதும் அறவே கூடாது.

காகிதமும் காசும்

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்போருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இந்த அறுவைக்கே அங்கே அனுமதி இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு பில்லைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அட்டை கணவர் பெயரில் இருந்தால், குடும்ப அட்டையில் பெயர் நீக்கிய விவரத்தோடு தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் இப்போதே சரிபாருங்கள். அறை வாடகை, பயணம், கமோடு நாற்காலி எல்லாம் உங்கள் கைக்காசுதான்.

"அரசு மூட்டு விலையைக் கட்டுப்படுத்திவிட்டது, மலிவாகக் கிடைக்கும்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2017-இல் உச்சவிலை வைத்தது முழங்கால் மூட்டுக்கு. இடுப்பு மூட்டை அதோடு குழப்ப வேண்டாம். கிண்ணம், அதன் உள்ளே பொருத்தும் உறை (லைனர்), பந்து, தண்டு என்று நான்கு பாகங்களின் பெயரையும் விலையையும் எழுத்தில் கேளுங்கள். திட்டத்தில் எது அடங்கும், எதற்கு மேல்தொகை என்பதையும் சேரும் முன்பே கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் அந்த பாகங்களின் ஸ்டிக்கர் ஒட்டிய தாளை வாங்கி, லேமினேட் செய்து வையுங்கள். 2010-இல் ஒரு பன்னாட்டு நிறுவனம், உலோகத்தோடு உலோகம் உரசும் தன் இடுப்பு மூட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. தம் உடம்பில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள அந்த ஸ்டிக்கர்தான் ஆதாரம். உங்கள் மருத்துவக் குறிப்புகளை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

மூட்டின் ஆயுளும் இட்லிக் கடையும்

பத்து வருடக் கணக்கு பழையது. பெரிய பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பத்தில் ஏறக்குறைய ஆறு மூட்டுகள் 25 வருடம் தாங்கியிருக்கின்றன. தொற்று, நழுவல், நரம்பு பாதிப்பு, கால் நீள வித்தியாசம் போன்றவை வரலாம். அவற்றை ஒப்புதல் படிவத்தில் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஊரில் அக்காவிடம் சில வேலைகளை இப்போதே ஒப்படையுங்கள். கயிற்றுக் கட்டில் வேண்டாம், தொய்ந்துவிடும். மரக்கட்டிலின் நான்கு காலுக்கும் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். கொல்லைக் கழிப்பறை குத்துக்கால் வகை என்றால், அடிப்பாத்திரம் எடுத்த கமோடு நாற்காலியை அதன்மேல் நிறுத்தலாம். ஆனால் நான்கு காலும் சமதரையில் நிற்கிறதா என்று அக்காவை உட்கார வைத்துப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், காய்ச்சலோடு காயத்தில் கசிவு, அல்லது திடீர் வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அவர்கள் கொண்டுபோகக்கூடிய இடங்களில் ஒன்று க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. டிஸ்சார்ஜ் சுருக்கமும் ஸ்டிக்கர் தாளும் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

தரையில் சம்மணம் போடுவதும் குந்துவதும் இனி வேண்டாம். சிலர் பின்னாளில் உட்காருகிறார்கள்தான். உங்கள் மூட்டில் அது எவ்வளவு பத்திரம் என்பதை அறுத்தவர் மட்டுமே சொல்ல முடியும். அரிவாள்மணையை எடுத்து வைத்துவிட்டு, இடுப்புயர மேசையில் நின்றபடி கத்தியால் வெங்காயம் நறுக்கப் பழகுங்கள். கிரைண்டரையும் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றுங்கள். கடைக்கு ஆறாம் வாரம் பரிசோதனை முடிந்து ஓரிரு மணி நேரம் வரலாம், உயரமான ஸ்டூல் போட்டுக்கொண்டு. முழு நேரம் நிற்க மூன்று மாதம் ஆகும். தண்ணீர் நிறைந்த இட்லிக் கொப்பரையை அதுவரை வேறு யாராவதுதான் அடுப்பில் ஏற்றி இறக்க வேண்டும். அதற்கான ஆளை இந்த மாதமே பேசி வையுங்கள்.